முதலாளிக்கு ஒரு மேலதிகாரி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் முதலாளியை எல்லோரும் 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்பவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தெருமுனையில் பூனை கொட்டாவி விட்டால்கூட அதை மிதித்துவிடுவார்.

மகளை வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் சேர்க்கப் போனவர், தனக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டு வந்தார். மூன்று வருடம் மகளுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். கணக்கியல் தேறியாயிற்று, புள்ளியியலையும் முட்டி மோதித் தாண்டியாயிற்று. மகளோடு ஒரே மேடையில் பட்டம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பாக்கி இருந்தது இன்டர்ன்ஷிப் மட்டும். ஒரு நிறுவனத்தில் மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்த்து, அங்குள்ள ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

"என் ஸ்கூல்லயே பண்ணிடுறேன் சார்."

"அங்க உங்களுக்கு மேல யாரு?" என்றார் துறைத்தலைவர்.

"ஃபேன்தான் சார்."

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கினால், "பையனைக் கூட்டிட்டு வரலையா சார்?" என்று கேட்டார்கள்.

மகள்தான் வழி சொன்னாள். "ஆபீஸ் அக்காவ மேனேஜர் ஆக்கிடுப்பா. நீ அவங்களுக்குக் கீழ வேலை பாரு."

எழுதிக் கொடுத்ததும் கல்லூரி ஒத்துக்கொண்டது. பள்ளியில் ரசீது போடுகிற ஆபீஸ் அக்கா, பிரேக்கைவிடப் பத்து வயது சின்னவர். மறுநாளே சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கதவைத் தட்டிட்டு வாங்க தம்பி."

"தம்பியாம்மா?"

"இன்டர்னை வேற எப்படிக் கூப்பிடுறது? முன் அனுபவம் ஏதாவது இருக்கா?"

"இந்த ஸ்கூலை ஆரம்பிச்சதே நான்தானே!"

"பழைய முதலாளி நல்லவிதமா நாலு வார்த்தை சொல்வாரா?"

பிரேக்கு போய்க் கார்களைக் கழுவினார். பிறகு குறை தேடினார். சுவரில் பெயின்ட் உரிகிறது என்றார். நாற்காலி கிறீச்சிடுகிறது என்றார். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"நம்மகிட்டக் கத்துக்கிட்டவங்க லைசென்ஸ் டெஸ்ட்ல ஏன் தம்பி கோட்டை விடுறாங்க? உங்க பொண்ணும்தான்."

"அவங்களுக்கு பிரேக் போட வரல மேடம்."

"ஏன் வரல?"

பிரேக்கு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

"இனி வண்டியில சம்மணம் போட்டு உட்காருங்க. இல்லன்னா என் கையெழுத்து கிடையாது."

காலி மைதானத்தில் மகள் ஓட்டினாள். பிரேக்கு சம்மணமிட்டு, தன் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே மைதானத்துச் சுவர்.

"பாப்பா, சுவரு."

"தெரியுதுப்பா."

"சுவரு பெருசாகிட்டே வருது பாப்பா!"

"அது வளரல. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டார். கார் மெதுவாகி நின்றது. கண்ணைத் திறந்தால், சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு லாரி நிற்கலாம். மகளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால்களோ மரத்துப்போயிருந்தன. அவள்தான் கைபிடித்து இறக்கினாள்.

ஓரமாக நின்றிருந்த அக்கா வந்து இடைவெளியை எட்டிப் பார்த்துவிட்டு, பானெட்டின் மேல் வைத்தே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"தேறிட்டீங்க தம்பி. நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க."

"இன்டர்ன்ஷிப் முடிஞ்சதே மேடம்?"

"அதான். உங்களை நிரந்தரமா எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

பிரேக்கு மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"சேர்ந்துடுறேன் மேடம்," என்றார். "பட்டமளிப்பு அன்னைக்கு மட்டும் எனக்கு லீவு வேணும்."