ஓர் அறைக்கான உத்தரவு

செந்தாமரையும் நானும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரே லைனில் ஒன்பது வருடம் நின்றோம். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டும் வேலை. மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். இறங்கும்வரை தான் கட்டும் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. மேல்மாடிக்கு எந்த நிறத்தில் டைல்ஸ், படிக்கட்டுக்கு என்ன கைப்பிடி.

மாமியார் ராஜாமணியின் மனையில் எழுந்த வீடு அது. செந்தாமரையின் பி.எஃப். பணம், அம்மா போட்ட பன்னிரண்டு பவுன், வருடக்கணக்கில் பார்த்த ஓ.டி. காசு எல்லாம் அதில்தான் போயிற்று. வேன் ஓட்டும் கணவன் பரசுராமன்தான் செங்கல்லும் சிமென்ட்டும் வாங்கினான். ரசீதெல்லாம் அவன் பேரில்.

அவனுக்கு ஒரகடத்தில் வேறொரு பெண் இருப்பது தெரிந்து இவள் கேட்டாள். பெல்ட்டால் அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து ராஜாமணி கத்தினாள்: "இன்னா, உன் வூடா இது? பட்டா என் பேர்ல கீது!" பதினான்கு வயது மகள் தர்ஷினி ஜன்னலருகே நின்று பார்த்தாளே தவிர, வெளியே வரவில்லை.

நாங்கள் ஆறு பெண்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில் வந்து ஒண்டினாள். முதுகுக் காயம் ஆறியதும், கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவிக்கு இருவரும் போனோம். வக்கீல் அமலா பொறுமையாகக் கேட்டார்.

"நகைக்கு பில் இருக்கா?"

"அம்மா வாங்கினது மேடம். அவங்க செத்துட்டாங்க."

"வித்ததுக்கு?"

"அவருதான் போய் வித்துக்கினு வந்தாரு."

"வீட்டுக்குன்னு நீங்க குடுத்த பணம்? பேங்க்ல அனுப்பினீங்களா?"

"எடுத்துக் கையில குடுத்தேன் மேடம். புருஷனுக்கு யாராவது பேங்க்ல அனுப்புவாங்களா?"

அமலா பேனாவை மூடி வைத்தார். நகை சட்டப்படி இவளுடையதுதான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். வீட்டில் பங்கு கேட்க ஒரு காகிதமும் இல்லை. ஜீவனாம்சம் கேட்டால், அவன் தனக்கு வருமானமே இல்லை என்பான், இவளுடைய சம்பளச் சீட்டைக் காட்டுவான்.

"ஆனா அந்த வீட்ல குடியிருக்கற உரிமை உங்களுக்கு உண்டு. மாமியார் பேர்ல இருந்தாலும் கேக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்துல இடம் இருக்கு."

அந்த ஒன்றை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். பதினாறு மாதம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் சம்பளம் போயிற்று. அமலா சொன்னபடியே ஜீவனாம்சம் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை, குளியலறை, வாசல்வழி. அவ்வளவுதான் உத்தரவு.

கோர்ட் அனுப்பிய பாதுகாப்பு அலுவலரும் ஒரு பெண் போலீஸும் கூட வர, பையோடு உள்ளே போனாள். நானும் போயிருந்தேன். யாரும் தடுக்கவில்லை. தர்ஷினி கூடத்துக்கு வந்தாள்.

"எதுக்குமா வந்த?"

"இது நான் கட்டுன வூடுடி."

"நீ போனப்புறம்தான் இங்க சண்டையே இல்லாம இருந்துச்சு."

செந்தாமரை பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அறையில் அலமாரி இல்லை. சுவரோரம் தரையிலேயே புடவைகளை அடுக்கத் தொடங்கினாள்.

மூன்று மாதம் கழித்து பரசுராமன் அந்த ஒரகடத்துப் பெண்ணை மேல்மாடிக்கே அழைத்துவந்து குடிவைத்தான். மறுபடி அமலாவிடம் ஓடினோம்.

"மனு போடலாம். எத்தனை மாசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்களா காலி பண்ணிடாதீங்க. வெளிய வந்துட்டா இதுவும் கையில நிக்காது."

அதனால் இருக்கிறாள்.

ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் தர்ஷினிக்குத் தலை பின்னிவிட்டாளாம். இருவரும் எதற்கோ சிரித்தது அறைக்குள் கேட்டதாம். ஆட்டோ போனதும் செந்தாமரை எனக்கு போன் செய்தாள்.

"எல்லாம் போயிட்டாங்க. வூடு பூரா நான் மட்டும்தான் கீறேன்," என்றாள்.

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு, செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.