குடிக்காதவன் முகம்

முதலில் சூடாக டீ குடித்தால் மட்டும்தான் முகம் எரிந்தது. பிறகு வெயில் பட்டால், குழம்பில் காரம் ஏறினால், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலை மூடி வைத்தால் என்று எதற்கெடுத்தாலும் கன்னமும் மூக்கும் சிவந்துவிடும். நான் கொஞ்சம் வெளுத்த நிறம். மறைக்க முடியவில்லை.

இதே நோய் உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எரிச்சலைப் பற்றி டாக்டர் சொல்லுவார். மற்றதை நான் சொல்கிறேன்.

பொம்மனஹள்ளியில் எங்கள் சபையார் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது வழக்கம். பெரும்பாலும் கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள். ஜெபத்தை நடத்துவது நான். அதிகம் படிக்காதவன், ஆனாலும் ஆண்டவரிடம் பேசும்போது எனக்கு வார்த்தை தடுமாறாது. என் மனைவி லில்லி இறந்த பிறகு, வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மாலையில்தான்.

ஒரு வாரம், கூட்டம் யார் வீட்டில் என்று எனக்குச் சொல்லவில்லை. ஏற்பாடு செய்யும் டேனியலுக்குப் போன் செய்தேன்.

"கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுண்ணா. பொம்பளைங்க ஒருமாதிரி பேசறாங்க."

"இன்னா பேசறாங்க?"

"அதான் மூஞ்சிலயே தெரியுதேண்ணா. அண்ணி போன துக்கம். எங்களுக்கும் புரியுது."

குடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதை அடித்துச் சொல்லக்கூடியவள் லில்லி. அவள் இல்லை.

தோல் டாக்டரம்மா கன்னடத்துக்காரர், தமிழ் பேசுவார். "குடிப்பீங்களா அங்கிள்?" என்று அவரும் கேட்டார்.

"இல்லம்மா."

"சரி. குடிக்காதவங்களுக்கும் இது வரும்."

அந்த "சரி"யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோயின் பெயர் ரோசேசியா (முகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து சிவக்கும் நாட்பட்ட தோல் நோய்).

களிம்பும் மாத்திரையும் கன்னத்தில் கிளம்பியிருந்த பருக்களை அடக்கின. சிவப்பு போகவில்லை. பல மாதம் கழித்து போட்டுலினம் ஊசியைப் பற்றிச் சொன்னார் (ஒரு கிருமியின் நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து தோலில் ஏற்றுவது; குழாய்களை விரியச் செய்யும் நரம்புகளைச் சில மாதம் அடக்கி வைக்கும்).

"சினிமாக்காரங்க சுருக்கத்துக்குப் போட்டுக்கறாங்களே, அதாம்மா?"

"அதேதான். இந்த நோய்க்கு எல்லாருக்கும் போடறதில்ல அங்கிள். குணமாகாது, அடங்கும். அப்புறம் திரும்ப வரும். சிரிப்பு கொஞ்சம் கோணலாகலாம்."

"எங்கூட சிரிக்க யாரும்மா இருக்காங்க? போடுங்க."

மரத்துப்போகக் களிம்பு தடவி, கன்னம் முழுவதும் கட்டம் கட்டமாகக் குத்தினார். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "கன்னத்துல ரத்தம் சார்" என்றார். தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அப்படியே வந்தேன்.

கொஞ்ச நாளில் எரிச்சல் தணிந்து, கண்ணாடியில் என் பழைய முகம் தெரிந்தது. சிரித்தால் இடது ஓரம் மட்டும் பின்தங்கியது. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். தெருவில் என்னைப் பார்த்த டேனியல், அந்த வெள்ளிக்கிழமை தானே வந்து அழைத்துப் போனான்.

"மூஞ்சி தெளிஞ்சி புதுமாப்ள கணக்கா இருக்காருப்பா!" என்றார் அந்த வீட்டு அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணன் வுட்டுட்டாரு, தோத்திரம்!" என்றான் டேனியல். "எப்டி வுட்டேன்னு சாட்சி சொல்லுண்ணா. நாலு பேருக்கு உதவும்."

எழுந்து நின்றேன். "நான் குடிச்சதே இல்ல. இது வியாதி. ஊசி போட்டிருக்கேன்."

டேனியல் என் தோளைத் தட்டினான். "சரிண்ணா, சரி. பழச இன்னாத்துக்கு இப்போ?"

டாக்டரம்மா சொன்ன "சரி" வேறு, இது வேறு. ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள். நடத்தினேன். கண்ணீர் வழிந்தது. திருந்தியவனின் கண்ணீர் என்று அதற்கும் தோத்திரம் சொன்னார்கள். கன்னம் மட்டும் யாருடையதோ போலக் குளிர்ந்து கிடந்தது.

இன்று காலை டீ குடிக்கும்போது வலது கன்னத்தில் பழைய சூடு மெல்ல எழுந்தது. மருந்தின் வேகம் இறங்குகிறது. மற்றவர்களுக்கு மழைக்காலம், வெயில்காலம். எனக்கு, குடியை விட்டவனாக இருக்கும் மாதங்கள், திரும்பக் குடிப்பவனாக இருக்கும் மாதங்கள்.

மறுபடி ஊசி போடலாம் என்கிறார் டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் கூட்டம் என் வீட்டில். லில்லி உட்காரும் இடத்தில் பாய் விரித்தாயிற்று. எல்லாருக்கும் டீ போட்டு, அவர்கள் முன்னால் நானும் சூடாகக் குடிப்பேன். முகம் என்ன ஆகிறதோ ஆகட்டும். அந்த முகத்தோடுதான் ஜெபிக்கப்போகிறேன்.