பச்சை மூடிக் குப்பியில் நாலு சொட்டு

அந்தப் பிராணிகள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கொசுக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடித்ததே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுகிறாள் என்று டாக்டரம்மா விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் மனிதர்களுக்கு ரத்தம் எடுக்கும் லேபில் இருந்தாள். அதை மூடிவிட்டார்கள். கிடைத்த வேலை என்று இங்கே வந்து சேர்ந்தாள். முதல் மாதமே ஒரு நாய் முழங்கையில் பல் பதித்தது. "மனுஷங்க வலிச்சாலும் பல்லைக் கடிச்சுக்குவாங்க. இதுங்க நம்மளைக் கடிக்குது" என்று அன்றைக்குப் புருஷனிடம் அழுதாள்.

ஆனால் சீக்கிரமே தொழில் பிடிபட்டது. நாய் என்றால் முன்னங்காலில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே கட்டைவிரலால் ஒருவர் அழுத்திப் பிடித்தால் நரம்பு புடைத்துக்கொண்டு வரும். பூனை அப்படியில்லை. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க எகிறும். துண்டில் சுற்றி, தாடையை லேசாகத் தூக்கி, கழுத்தில் எடுக்க வேண்டும். எதற்கும் ஒரே குத்து, இரண்டாவது குத்து கிடையாது என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெரிய கர்வம்.

அந்தக் கர்வம்தான் அன்றைக்கு அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

காலையில் ஒரு பெரியவர் கூண்டும் கையுமாக வந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். பூனைக்குக் கண்டக்டர் என்று பெயர். "நாள் பூரா எனக்குப் பின்னால நின்னு கத்திக்கிட்டே இருக்கும்மா, வேற என்ன பேர் வைக்கிறது?" என்றார். கண்டக்டருக்கு ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். மயக்க மருந்தை உடம்பு தாங்குமா என்று பார்ப்பதற்குத்தான் ரத்தம்.

பாதி எடுக்கும்போதே கண்டக்டர் ஓர் உதறு உதறியது. ஊசி வெளியே வந்துவிட்டது. இருந்த கொஞ்சத்தில் பாதியை அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குப்பியில் விட்டாள், மிச்சத்தை உப்புகளைப் பார்ப்பதற்கான பச்சை மூடிக் குப்பியில் விட்டாள். பச்சையில் கோடுவரை வரவில்லை. மறுபடி குத்துவதா? மனசு வரவில்லை. ஊதாவிலிருந்து நாலு சொட்டைப் பச்சைக்குள் சாய்த்துவிட்டாள். ஊதாக் குப்பிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும், அது மற்றதில் கலக்கவே கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? நாலு சொட்டு என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார். முகமே சரியில்லை.

"ஐயா, கொஞ்சம் உட்காருங்க. பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. கால்சியம் அடியோட கீழ போயிடுச்சு. இதயம் எப்ப வேணா நின்னுடலாம். உடனே மருந்து ஏத்தணும்."

"பல்லுக்குத்தானேம்மா வந்தோம்?" என்றார் பெரியவர்.

மேஜை துடைத்துக்கொண்டிருந்த கொசுக்கா அந்த நாலு சொட்டை நினைத்தாள். ஊதாக் குப்பி மருந்தில் இருப்பதே பொட்டாசியம்தான். கால்சியத்தைக் காணாமல் அடிப்பதும் அதே மருந்துதான். கூண்டைப் பார்த்தாள். இதயம் நிற்கப் போகிற பூனை, கம்பி வழியாகக் காலை நீட்டிப் பெரியவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே டாக்டரம்மா சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். மிஷினில் கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், எதற்கும் இதைப் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்பார். இல்லாத நோய்க்கு ஏறுகிற மருந்து இருக்கிற உயிரைக் கொண்டுபோய்விட்டால்?

"டாக்டர், அதைப் போடாதீங்க. தப்பு என்னோடது. ஊதாவிலிருந்து பச்சையில ஊத்திட்டேன்."

டாக்டரம்மா சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

"ஏன்க்கா?"

"ரெண்டாவது தடவை குத்த மனசு வரல."

"குத்தினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? போங்க, அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். பெரியவர் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். "நான் இங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ சாவகாசமா வந்து தப்புங்கறியே!" என்று கத்தினார். வரவேற்பறை நாய்கள்கூட அடங்கிவிட்டன. அவள் தலைகுனிந்து நின்றாள். மூச்சு வாங்கி முடித்ததும் அவரே சொன்னார்: "சரி, எடு. நான் பிடிச்சுக்கறேன்."

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. கூண்டின்மேல் துண்டு போர்த்தி இருட்டாக்கி, பூனையைப் பத்து நிமிஷம் விட்டாள். பிறகு பின்னங்காலின் உட்பக்கத்தில் எடுத்தாள். பெரியவர் அதன் காதருகே ஏதோ திட்டிக்கொண்டே இருந்தார். முதலில் பச்சை, கோடுவரை. அப்புறம்தான் ஊதா.

மிஷின் ஓடி முடிக்கும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. காகிதம் வெளியே வந்தது. டாக்டரம்மா மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார், மறுபடியும் படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. எல்லாமே."

பெரியவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கொசுக்கா பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்தபோது ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஒரே குத்துல எடுத்தா உனக்கு யாராவது மெடல் குத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் தட்டு வைத்தார். மத்தியானமும் சாப்பிடாத பசியில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் பல் பிடுங்கியாயிற்று. நாலாம் நாள் பெரியவர் கொசுக்காவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, அது தட்டைக் காலி பண்ணிடுச்சு. இப்ப என் தட்டு முன்னால உட்கார்ந்து கத்துது. குடுக்கலாமா?"

"குடுக்காதீங்க ஐயா" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.