முதலில் சிரிக்காதவள்

எதிரே வருகிறவர் சிரித்த பிறகுதான் சௌந்தரம் சிரிப்பாள். காலை ஏழரை மணிக்குக் குடையும் சாப்பாட்டுப் பையுமாகச் சிதம்பரம் மேல வீதியில் நடக்கையில், தெரிந்த முகம் ஒன்று பத்தடி தூரத்தில் வந்தால் போதும், அவள் பார்வை பக்கத்துக் கடைப் பலகைக்குப் போய்விடும். பாத்திரக்கடை, பூட்டுக்கடை, போட்டோ ஸ்டுடியோ என்று ஒவ்வொரு பலகையையும் நேற்றுதான் எழுத்துக்கூட்டக் கற்றவள் மாதிரி வாசித்துக்கொண்டே கடப்பாள். அந்த முகமே நின்று "என்னாங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், "நல்லாருக்கேங்க" என்பாள். திருப்பிக் கேட்க மாட்டாள். அவர் எப்படி இருக்கிறார் என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதே வீதியில் மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது கைகள். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, கண்ணால் தேடாமல், விரல் நுனியால் நரம்பைத் தொட்டுப் பார்ப்பாள். சீட்டு கையில் இருந்தாலும் குத்துவதற்கு முன்னால் கேட்பாள்: "பேரு சொல்லுங்க. அப்பா பேரு சொல்லுங்க."

நெல்லிக்குப்பத்திலிருந்து மாதாமாதம் சிதம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வரும்போது, ஆறு வருடமாக இங்கேயே சர்க்கரை பார்க்கும் சிங்காரத்துக்கு இதில் சலிப்பு. "போன மாசமும் சிங்காரந்தாம்மா, இந்த மாசமும் சிங்காரந்தான். ஒனக்கோசரம் மாத்திக்கவா?"

"மாத்திகிட்டா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்பாள் சிரிக்காமல்.

பிறகு "குத்தட்டுங்களா?" கையை நீட்டியவர் "ம்" என்று சொல்லும்வரை ஊசி காத்திருக்கும். ரத்தம் குழாயில் இறங்கிய பின், அவர் கண் முன்னாலேயே பெயரை எழுதி ஒட்டுவாள். முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து, "நீங்களே அஞ்சு நிமிஷம் அழுத்திப் புடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கைக்குத் திரும்பியிருப்பாள்.

ஒருமுறை கான்ஸ்டபிள் ஒருவர் மாடியேறி வந்து, முந்தின நாள் ரத்தம் கொடுத்துப் போன லாரி டிரைவரைப் பற்றி விசாரித்தார். "என்னா வந்துது ரிப்போர்ட்டு? சும்மா சொல்லும்மா."

"எழுதிக் குடுங்க சார். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு."

"போலீஸுக்கே லெட்டரா?"

"நாளைக்கு நீங்களும் சுகர் பாக்க வருவீங்க. அதையும் யாராச்சும் வந்து சும்மா கேப்பாங்க சார்."

அவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். மறு மாதம் சர்க்கரை பார்க்கவும் வந்தார்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பட்டம்மாளுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்க அக்கா கோயிலுக்குப் போனாக்கூட சாமி மொதல்ல சிரிச்சாத்தான் கும்புடுவாங்க" என்பாள். கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். 2004 தீபாவளி சமயத்தில் நடந்தது பட்டம்மாளுக்குத் தெரியாது. ஜவுளிக்கடையில், முந்தின வாரம் ரத்தம் கொடுத்துப் போன ஒரு பெண்ணைப் பார்த்துச் சௌந்தரம் தானாகவே "இப்ப ஒடம்பு தேவலாமா?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற மாமியார், "யாரு இவுங்க? ஒடம்புக்கு என்னா ஒனக்கு?" என்று திரும்பினாள். எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் இன்றுவரை சௌந்தரத்தைக் கடைப் பலகைகளை வாசிக்க வைக்கிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள போர்ஷனில் இருக்கிறாள். அங்கிருந்துதான் தினமும் விடிகாலை பஸ்ஸில் சிதம்பரம் வருகிறாள். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் அண்ணன் தங்கராசுதான் வீடு வாசல் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் அங்கே போய்விடுவாள். அண்ணன் மகள் சந்திரலேகாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னி விடுவாள். ஊரில் யாரிடமும் பேசாதவள் அந்தப் பின்னலை முடிப்பதற்குள் ஒரு வாரக் கதையைப் பேசித் தீர்ப்பாள். பஸ்ஸில் பார்த்தது, வாங்க நினைத்த சேலை, பட்டம்மாளின் கிண்டல். வேலையில் பார்த்தது மட்டும் அதில் வராது.

அது 2008 வரை.

அந்த வருடம் சந்திரலேகாவுக்குச் சிதம்பரத்தைச் சேர்ந்த, புதுச்சேரியில் வேலை பார்க்கும் அன்பரசு என்பவரைப் பேசி முடித்தார்கள். பூ வைத்தாகிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு மத்தியானம் தங்கராசு மாடியேறி வந்தார்.

"ரெண்டு மாசம் முன்ன அந்தப் பையன் உங்க பெஞ்சில கையில பஞ்ச வச்சுகிட்டு உக்காந்திருந்தானாம். நம்ம தட்சிணாமூர்த்தி பார்த்திருக்கான். என்னாத்துக்கு வந்தான்?"

"அவரையே கேளுண்ணே."

"பூ வச்ச எடத்துல போயி அத எப்படிக் கேக்கறது? நீ சொல்லு."

"நான் சொல்லக்கூடாதுண்ணே. அவரு காட்டுனா காட்டட்டும்."

"வாயால சொல்ல வாணாம். நல்லாருக்கான்னா தலைய ஆட்டு. போதும்."

சௌந்தரத்துக்கு அந்தச் சீட்டு நினைவிருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வேலைக்காக எல்லோரும் எடுக்கிற சாதாரணப் பரிசோதனை, எல்லாம் சரியாக இருந்தது. தலையை ஒரு விரற்கடை அசைத்திருந்தால் போதும். ஆனால் இன்றைக்கு நல்லதற்குத் தலையாட்டினால், நாளைக்கு வேறொருவர் வந்து கேட்கும்போது அவள் ஆட்டாத தலையே பதிலாகிவிடும். பெஞ்சில் அந்த நேரம் ஆறு பேர் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அண்ணனையும் பார்க்காமல் அவர்களையும் பார்க்காமல் நின்றாள்.

"அப்ப என்னமோ இருக்குது" என்றார் தங்கராசு.

"இருக்குதுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லலண்ணே."

"சொந்த அண்ணன் பொண்ணு. ஒனக்கு ரூல்ஸு ஜாஸ்தியாப் போச்சு. இனிமே அந்தப் பக்கம் வராத."

ஜாதகம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சந்திரலேகா ஒருமுறை போன் செய்தாள். "ஒரே வார்த்தை அத்தை. எனக்கு அவரப் புடிச்சிருக்கு."

"அவரக் கூட்டிகிட்டு வா லேகா. கேட்டார்னா அவரு கையில குடுத்துடுறேன்."

"என்னான்னு சொல்லிக் கூப்புடுவேன்? எங்க அப்பா ஒங்க மேல சந்தேகப்படுறாருன்னா?" போன் வைக்கப்பட்டது.

அடுத்த வருடம் வேறு இடத்தில், நெல்லிக்குப்பத்தில், அவளுக்குக் கல்யாணம் நடந்தது. சௌந்தரத்துக்கு அது சிங்காரம் சொல்லித்தான் தெரியும். "எங்க தெருவுலதான் பந்தல். ஒன் அண்ணன் ஊட்டு விசேஷத்துல ஒன்னக் காணமே?" என்றார் கையை நீட்டியபடி.

"கைய ஆட்டாதீங்க" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மறுபடியும் மடித்து வைக்கிறாள். திங்கட்கிழமை முதல் ஆளிடம் "பேரு சொல்லுங்க" என்கையில் தொண்டை கரகரக்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அதுதான் அவளுடைய முதல் பேச்சு.

2011 கடைசியில் தானே புயல் அடித்து ஓய்ந்த இரண்டாம் மாதம், கரண்ட் போயிருந்த ஒரு காலையில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலாக மடித்த சீட்டை நீட்டினாள். அந்தக் கையின் எலும்பைக்கூடச் சௌந்தரத்துக்குத் தெரியும். இருவரும் சிரிக்கவில்லை.

"பேரு சொல்லுங்க."

"சந்திரலேகா."

"அப்பா பேரு?"

"தங்கராசு."

சீட்டைப் பிரித்து வாசித்தாள். இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"ஊருல குடுத்தா சாயங்காலத்துக்குள்ள எங்க மாமியார் காதுக்குப் போயிடும்" என்றாள் சந்திரலேகா தரையைப் பார்த்தபடி. "கடலூர்ல எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க." முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு, "நீங்க யாருக்கும் சொல்ல மாட்டீங்க" என்றாள். கேட்பதுபோல் அது இல்லை.

"குத்தட்டுங்களா?"

"ம்."

சிவப்பு மூடிக் குழாய், ஊதா மூடிக் குழாய். இரண்டிலும் பெயரை எழுதி ஒட்டினாள். ஊசி போன இடத்தில் பஞ்சை வைத்தாள். அதன்மேல் தன் கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

பட்டம்மாள் வாசலில் இருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, அடுத்து சிங்காரம் ஐயா நிக்கிறாரு. ரொம்ப நேரமா நிக்கிறாரு."

"நான் அழுத்திக்கிறேன் அத்தை" என்றாள் சந்திரலேகா.

சௌந்தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பஞ்சு வைத்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆவல" என்றாள். விரலை எடுக்கவில்லை.