எச்சில் தொட்டு அழித்த தாள்

குரோம்பேட்டையில் அந்த உளவியல் நிபுணரின் அறைக்குள் ரிப்போர்ட் வாங்கப் போனேன். எட்டு வயது மகளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். பத்து நாள் முன்பு இங்கேதான் அவளுக்கு அறிவுத்திறன் சோதனை நடந்தது. மொத்த ஸ்கோர் நூற்று முப்பது இருந்தால்தான் அவள் பள்ளியில் அதிபுத்திசாலிப் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் இடம்.

ரிப்போர்ட்டில் முதல் வரி, மொழித்திறன்: 98 பெர்சன்டைல்.

"மீதி ரெண்டை எங்க மேடம் விட்டா?" என்றேன். பழக்கதோஷம்.

"இது மார்க் இல்லைங்க. நூறு பிள்ளைங்கள்ல தொண்ணூத்தெட்டு பேரைத் தாண்டி நிக்கறாள்னு அர்த்தம்."

மொழி, யோசனை, நினைவாற்றல் மூன்றிலும் அப்படித்தான். நான்காவதாக வேகம். அது மட்டும் பாதாளத்தில் கிடந்தது. அதனால் மொத்தம் நூற்று இருபத்து மூன்று. நூற்று முப்பதுக்கு ஏழு குறைவு.

"இவளா மெதுவு? என் கையிலேர்ந்து மொபைலைப் பிடுங்கற வேகத்தை நீங்க பார்க்கணும்!"

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் இவ்வளவு இறங்கினா மொத்தத்தை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. வேகத்தை விட்டுட்டுப் பார்த்தா தாராளமா தாண்டறா. ஸ்கூலுக்கு லெட்டர் தரேன். ஏத்துக்கறது அவங்க இஷ்டம். ஆனா அதுல காரணம் எழுதணும்."

"என்ன காரணம்?"

"வேகத்துக்கான சோதனையில குறிகளைப் பார்த்து மடமடன்னு வரையணும். ரப்பர் தரமாட்டோம். ஒரு கோடு கோணினதும் ரப்பர் கேட்டா. பரவாயில்லை, மேல போன்னேன். போகலை. எச்சில் தொட்டு அழிச்சா. தாளே கிழிஞ்சிடுச்சு. நேரம் அதுலயே போச்சு. வீட்டுல தப்பா எழுதினா என்ன பண்ணுவீங்க?"

என்ன பண்ணுவேன்? எழுத்து சாய்ந்தால் வரி முழுக்க அழிக்கச் சொல்வேன். திரும்பவும் சாய்ந்தால் பக்கத்தையே கிழித்துப்போடுவேன். அதை இவரிடம் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கையெழுத்து நல்லா இருக்கணும்னா தப்பா மேடம்? அதெல்லாம் எழுதாதீங்க. ஸ்கூல்ல என் மானம் போயிடும்."

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு விருட்டென்று வெளியே வந்தேன். மகள் எழுந்து நின்றாள். இடம் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"அம்மா, பேப்பர் கிழிஞ்சதை ஆன்ட்டி சொல்லிட்டாங்களா?"

முகம் வெளுத்திருந்தது. இந்தப் பத்து நாளும் நான் சொல்லாமலே வீட்டுப்பாடம் எழுதினாள், தட்டைக் கழுவி வைத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று என் கணவரிடம் பெருமையடித்திருக்கிறேன். அவள் பத்து நாளாக என்னிடம் அடி வாங்கக் காத்திருந்திருக்கிறாள். பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளவே கூசியது.

"சொன்னாங்க. நீ ஒண்ணும் தப்பு பண்ணலைடா" என்றேன். அவள் நம்பவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.

"எழுதுங்க மேடம். தாளை நான் கிழிப்பேன்கிறதையும் சேர்த்து எழுதுங்க. இவ முன்னாடியே எழுதுங்க."