வாசலில் சொன்னது

எனக்குச் சந்தேகப் புத்தி. கடையில் முட்டை வாங்கினால் அட்டையைத் திறந்து பன்னிரண்டையும் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் வைப்பேன். மகள் ஹோம்வொர்க் முடிந்தது என்றால் “காட்டு” என்பேன். “இவ சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் தொறந்துதான் வெச்சிருப்பா” என்று என் கணவர் நண்பர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இது அப்பாவிடமிருந்து வந்தது. விழுப்புரம் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த டிரைவர் போகாத ஊருக்குப் போனதாக எழுதினான் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. “டிரிப் ஷீட் கசங்காம இருந்தா வண்டி ஷெட்டை விட்டே கெளம்பலைன்னு அர்த்தம்” என்று சோறு பிசைந்துகொண்டே சொல்வார். அம்மா போன பிறகு கிரீன் கார்டு வாங்கி ஃப்ரீமான்ட்டுக்கு எங்களோடு வந்துவிட்டார். இப்போது அவரை நான் கண்காணிக்கிறேன். வாசல் மணியில் கேமரா வைத்திருக்கிறேன். மாத்திரைப் பெட்டியை அவர் திறந்தால் என் போனுக்குத் தகவல் வரும்.

என் வேலை சன்னிவேலில், ஒரு சின்ன கம்பெனியில். சமுதாய சுகாதார ஊழியர்கள் என்று இருக்கிறார்கள். தனியாகவோ பிள்ளைகளோடோ இருக்கும் வயதானவர்களின் வீடு வீடாகப் போய், மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா, கீழே விழுந்தீர்களா என்று கேட்டுப் போனில் பதிவார்கள். அந்தக் கேள்விப் படிவத்தை வடிவமைப்பது நான். ஊழியர் ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று மேலதிகாரி உட்கார்ந்த இடத்தில் பார்க்கும் டாஷ்போர்டும் என் கைவேலைதான். ஒரு ஊழியருக்கு ஒரு வரிசை, ஒரு சந்திப்புக்கு ஒரு கட்டம். எல்லாம் சரி என்றால் பச்சை. சந்தேகம் என்றால் சிவப்பு.

அந்தச் சிவப்புக்குப் பின்னால் இரண்டு விதிகள் இருந்தன, இரண்டும் என் யோசனை. ஒன்று, ‘சந்திப்பு முடிந்தது’ என்ற பொத்தானை வீட்டுக்குள் இருக்கும்போதே அழுத்த வேண்டும். வெளியே வந்து அழுத்தினால் சிவப்பு. இரண்டு, அழுத்திய பிறகு எந்தப் பதிலையாவது மாற்றினாலும் சிவப்பு. காரில் உட்கார்ந்துகொண்டு படிவத்தை இட்டுக்கட்டி நிரப்புகிறவர்களைப் பிடிக்கத்தான். மீட்டிங்கில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அன்றைக்கு ரொம்பவே மிதப்பாக இருந்தேன்.

அதில்தான் பதினேழாம் எண் மாட்டினார்.

ஃப்ரீமான்ட்டிலும் சான்டா கிளாராவிலும் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கும் ஓர் அமைப்பின் ஊழியர் அவர். டாஷ்போர்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒரே மாதத்தில் பதினொரு சிவப்புக் கட்டம். மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ. அமைப்பின் மேலாளர் எனக்கு எழுதியிருந்தார்: இவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது, திங்கள்கிழமை கூட்டத்தில் நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும், இது மென்பொருளின் கோளாறாக இருக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள். விளக்கம் கேட்டதற்குப் பதினேழு ஒரே வரிதான் எழுதிக் கொடுத்திருந்தாராம். ‘பிறகுதான் சொல்கிறார்கள்.’

பிறகு என்றால் எப்போது? கனவிலா? எனக்குச் சுர்ரென்று வந்தது.

முழுப் பதிவையும் இறக்கிப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு ஒரே மாதிரி. ‘விழுந்தீர்களா?’ என்ற கேள்விக்கு வீட்டுக்குள் ‘இல்லை’. முடிந்தது என்று அழுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, வெளியே எங்கேயோ நின்றுகொண்டு ‘ஆம்’. எனக்கு உடனே காரணமும் கிடைத்துவிட்டது. விழுந்தவரைப் போனில் தொடர்ந்து விசாரிக்க ஊழியருக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது அமைப்பின் விதி. ஆளை விழ வைத்தால் வேலை நேரம் கூடும். எத்தனை கெட்டிக்காரத்தனம்! அப்பாவின் டிரைவர்கள் இவரிடம் பாடம் படிக்கணும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளருக்கு அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க ஆசை. படிவத்தை மேம்படுத்துவதற்காக ஒருநாள் கூட வருகிறேன் என்று சாக்கு சொல்லி, புதன்கிழமை அவரோடு கிளம்பினேன்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கோயம்புத்தூர்ப் பக்கம். அந்த அமைப்பின் ஊழியர்கள் எல்லோரும் போடும் நீலத் தொப்பி, முகக்கவசம், தோளில் பிரஷர் பார்க்கும் கருவி உள்ள பை. “வாங்க மேடம், ஏறுங்க. சீட்ல பேப்பர் கெடக்குது, தள்ளிட்டு உக்காருங்க” என்றார். பயந்த மாதிரியே தெரியவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

மௌரி அவென்யூ பக்கம் ஒரு அடுக்ககத்தில் இரண்டாவது மாடி. எழுபத்தைந்து வயது அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். மருமகள் மடிக்கணினியில் மீட்டிங்கை மியூட் செய்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள்.

“ஆன்ட்டி, தூக்கம் எப்படீங்க?”

“நல்லா தூங்குறேன்.”

“சாப்பாடு?”

“அதெல்லாம் எந்தக் குறையும் இல்ல. இவ நல்லா பாத்துக்கறா.”

“எங்கயாச்சும் வழுக்கி கிழுக்கி விழுந்தீங்களா?”

“நானா? சேச்சே.”

பதினேழு எல்லாவற்றுக்கும் ஒழுங்காகக் குறித்து, அங்கேயே ‘சந்திப்பு முடிந்தது’ அழுத்தினார். எல்லாம் ஆறு நிமிடம். பச்சை. பிடிபடுவோம் என்று இன்று யோக்கியமாக நடக்கிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் எழுந்தோம். அந்த அம்மாவும் எழுந்தார். “கீழ வரைக்கும் வரேன்” என்றார். மருமகள், “அத்தை, நான் போறேன், நீங்க இருங்க” என்றாள். “நீ மீட்டிங் பாரும்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். லிஃப்டில் பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். கார் நிறுத்தும் இடம் வரை வந்தார். பதினேழு கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், ஏறவில்லை. அந்த அம்மா அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினார். கன்றிப்போயிருந்தது.

“வெள்ளிக்கிழமை. குளிக்கப் போறப்போ. அவகிட்ட சொல்லிடாத கண்ணு. பாவம், அவளே ஆபீஸ்ல ஆளைக் கொறைக்கிறாங்கன்னு பயந்துட்டு இருக்கா.”

“சொல்ல மாட்டேனுங்க. நர்ஸ் போன் பண்ணுவாங்க, சும்மா செக்கப்புன்னு சொல்லிட்டு வாங்க.”

அந்த அம்மா போன பிறகு பதினேழு காரில் உட்கார்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். போனைத் திறந்து ‘இல்லை’யை ‘ஆம்’ என்று மாற்றினார். அந்த நிமிடமே டாஷ்போர்டில் அந்தக் கட்டம் சிவப்பாகியிருக்கும்.

“வெளிய வந்தப்புறமே பொத்தானை அழுத்தலாமில்ல?” என்றேன்.

“அப்பவும் செகப்புத்தானுங்க மேடம்” என்றார். “எந்தப் புண்ணியவான் அப்படி வெச்சானோ.”

நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள் “சரி, கெளம்பறோம்” என்று சொன்ன பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். ஷூ போடும்போது ஒரு கால் மணி, கார் பக்கத்தில் ஒரு கால் மணி. யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில்லை, எல்லாம் எனக்கு வாசலில்தான் தெரிந்தது. வீட்டில் அப்படி வாழ்ந்துகொண்டு, ஆபீஸில் உட்கார்ந்து சந்திப்பு சோபாவில் முடிந்துவிடும் என்று விதி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது அவர் கேட்டார்: “உங்க வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்?”

“அப்பா இருக்கார். கல்லு மாதிரி இருக்கார்.”

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, “சரிங்க, பாத்துப் போங்க” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் ஆபீஸில் பதிவுகளை மறுபடி திறந்தேன். முன்பு பதில்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது ஒவ்வொரு திருத்தமும் எந்த இடத்தில் நடந்தது என்று வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். எட்டுப் புள்ளிகள். ஆறு ஏதேதோ தெருக்களில். இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில். என் தெருமுனையில், அஞ்சல் பெட்டிகள் பக்கத்தில்.

இரண்டும் வியாழக்கிழமை. மதியம்.

அப்பாவைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை ‘ஹெல்த் பொண்ணு’ வருவது எனக்குத் தெரியும். நூலகத்தில் முதியோர் கூட்டத்தில் அவரே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நான் அந்த நேரம் ஆபீஸில் இருப்பேன். வாசல் கேமராவில் நீலத் தொப்பியும் முகக்கவசமும் பார்த்திருக்கிறேன். கிளம்பும்போது அப்பாவும் கூடவே படியிறங்கிப் போவார். கேமராவுக்கு அதற்குமேல் எட்டாது. காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்துப் படத்தை மூடியிருக்கிறேன். எங்கள் ஹாலில் என் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. பதினேழு என்னைப் புதன்கிழமை பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார்.

சொந்த வீட்டுப் பதிவைப் பார்ப்பது தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். பார்த்தாகிவிட்டது. அப்பா இரண்டு தடவை விழுந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், “அப்பா, எங்கயாவது விழுந்தீங்களா?” என்று நேராகக் கேட்டேன்.

“நானா? எதுக்கு விழறேன்?” டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஏசி குளிருக்கு என்று ஒரு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டையை மடக்குங்கள் என்று சொல்லத் துடித்தது. ஒரு குற்றவாளியை விசாரிப்பதுபோல அது எனக்கே தெரிந்ததால் சும்மா இருந்தேன்.

திங்கள்கிழமை காலை. பத்து மணிக்குக் கூட்டம். வழக்கமாக கராஜிலிருந்து நேராகக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அன்று முன்வாசலுக்கு வந்து, படியில் உட்கார்ந்து, ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

“டிராஃபிக் இருக்குமா?”

“இருக்கும்ப்பா.”

இரண்டாவது ஷூவையும் அவிழ்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

“பாத்ரூம்ல அந்த மேட் கொஞ்சம் வழுக்குதும்மா.”

“விழுந்தீங்களாப்பா?”

“ரெண்டு தடவ. ஒண்ணுமில்ல, முழங்கை மட்டும்.”

“என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“உன்கிட்டயா?” என்று சிரித்தார். “சொன்னா பாத்ரூம்லயும் கேமரா மாட்டிடுவே. அந்தப் பொண்ணு கேட்டுட்டு, ஐயோ வலிக்குதான்னு கேட்டா. நீ எத்தன மணிக்கு, ஏன், எப்படின்னு கேப்பே. நானே டைம் கீப்பர்ம்மா, எனக்குத் தெரியாதா?”

தெரு முழுக்கக் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. காரில் ஏறி முனை திரும்பியதும் நிறுத்தி, நன்றாக அழுதுவிட்டுத்தான் ஃப்ரீவேயில் ஏறினேன்.

கூட்டத்தில் நான் புதன்கிழமை பார்த்ததைச் சொன்னேன். மேலாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அது ஒரு வீடு, மற்றவை உண்மை என்று எப்படி நம்புவது, நீங்கள் கூட வந்ததால் அன்று நடித்திருக்கலாமே என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் நானே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

“அதில் இரண்டு பதில் என் அப்பாவுடையது,” என்றேன். “பதிவில் பார்த்தேன். இன்று காலை அவரே சொன்னார். இரண்டும் உண்மை.”

அந்தப் பதிவை நீங்கள் பார்த்திருக்கக் கூடாது என்று மேலாளர் சொன்னார். தெரியும் என்றேன். அன்று மதியமே எனக்குப் பதிவுகளைத் திறக்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள், என் மேலாளருக்கும் தகவல் போனது. பதினேழின் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்கு நீட்டினார்கள். படிவத்தின் கடைசியில் ‘வாசலில் சொன்னது’ என்று ஒரு புதுப் பகுதி சேர்த்தேன். அதை வெளியே நின்று எப்போது நிரப்பினாலும் பச்சைதான்.

அடுத்த முறை பதினேழு வந்த வியாழக்கிழமை நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். குளியலறையில் மேட்டை மாற்றிக் கைப்பிடி போட்டாகிவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி, “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தைத் திறந்தார்.

“இந்த ரெண்டு வாரத்துல விழுந்தீங்களா அங்கிள்?”

அப்பா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். “இல்லம்மா.”

நான் நம்பவில்லை. பதினேழு ‘இல்லை’ என்று குறித்தார். எழுந்தார். அப்பாவும் எழுந்து செருப்பைத் தேடினார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. மேசைமேல் என் போன் அதிர்ந்தது: உங்கள் வாசலில் ஆட்கள் இருக்கிறார்கள். கை தானாகப் போனது. போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் நோட்டுப் புத்தகத்தையும் வைத்தேன்.

அப்பா திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.