பட்டுக்குப் பூஜ்யம்

ஏழு நாள் மாத்திரை போடாமல் இருந்தவள் நான். என் பொறுமையைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காலையில் அப்பா தறியில் உட்கார்ந்தால் போதும், எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். கூடவே கையெல்லாம் தடிப்பு. செவிலிமேட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, இவளுக்குப் பட்டு ஆகவில்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். தறியும் நாங்களும் ஒரே அறைதான். பட்டுதான் காரணம் என்றால் நான் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் தறியைக் கழற்ற வேண்டும். அப்பாவும் அம்மாவும் இதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என் காதில் ஏறியதெல்லாம் அத்தை வீட்டு டி.வி. பெரியது என்பதுதான்.

சென்னையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் லேசாகக் குத்துவேன், ஆகாதது எதுவோ அந்த இடம் வீங்கும் என்றார். அதற்கு முன் ஏழு நாள் தும்மல் மாத்திரை கூடாது, அன்றைக்குக் கையில் எண்ணெய் கூடாது. தறியில் இவள் மூக்கில் ஏறுவது எதுவோ அதிலும் கொஞ்சம் கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு அது பரீட்சை. எத்தனை வீக்கமோ அத்தனை மார்க். காலண்டரில் நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டேன். மூன்றாம் நாள் அப்பா நெய்து முடித்த சேலையை அறுத்து எடுத்தபோது தும்மித் தும்மிக் கண் வீங்கிவிட்டது. அம்மா மனசு கேட்காமல் அரை மாத்திரையை நீட்டினாள். வாயை இறுக மூடிக்கொண்டேன். சொறியாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். புதுப் பாவு மூலையில் சுருட்டியபடியே கிடந்தது. அதன் இழைகளைப் பழைய நுனிகளோடு பிணைத்தால்தான் அடுத்த சேலை. அப்பா அதைத் தொடவில்லை. அவருக்கும் லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

போகிற அன்றைக்கு அப்பா, இருப்பதிலேயே நல்ல அரக்குப் பட்டு இழையாகப் பொறுக்கி, புதுத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணச் சேலைக்கு மாதிரி காட்டப் போகிறவர் மாதிரி. டாக்டரம்மா பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இவ்ளோ சுத்தமானதா அவ மூக்குல ஏறுது? தறிக்குழித் தூசு இல்லையா?"

"அய்யே, குப்பையப் போயி உங்க கையில எப்படிமா குடுக்கறது?" என்றார் அப்பா.

அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். அப்பாவின் கால் மிதிக்கும் குழியிலிருந்து அவள் வழித்து வந்த தூசு. இரண்டையும் கரைசலில் ஊறவைத்துச் சோதித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

கையில் பேனாவால் எண் போட்டுக் குத்தினார்கள். கால் மணி நேரம் அசையவில்லை நான். தூசு குத்திய இடம் கொசு கடித்த மாதிரி புடைத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பட்டு குத்திய இடம் மட்டும் வழுவழுவென்று அப்படியே இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு தரம் தடவினார்.

"பட்டு இல்லியாமா?"

"இல்லப்பா. குழியத் தினமும் ஈரத்துணியால தொடைங்க. இவ தூங்கற எடத்த மாத்துங்க. போதும்."

பஸ் முழுக்க நான் அழுதுகொண்டு வந்தேன். நெசவுக்காரர் பெண், பட்டிலேயே பூஜ்யம் என்றால் தெருவில் எப்படித் தலை காட்டுவது? அப்பாவோ இறங்கியதும் இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். ஏழு நாள் மாத்திரை இல்லாமல் தாக்குப் பிடிச்சுதுபா என் பொண்ணு என்று வீட்டுக்கு வீடு சொன்னார். பூஜ்யம் வாங்கியதற்கு இனிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவியவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. மூலையில் கிடந்த பாவை எடுத்துப் பிரித்து, ஒவ்வோர் இழையாகப் பிணைக்க ஆரம்பித்தார். லீவு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டேன்.